கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையா?

அன்புள்ள அக்கா,

நான் குன்னூரிலிருந்து எழுதுகிறேன். கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். என்னையும் சேர்த்து நான்கு பேர் ஒரு பங்க் ராக் (வேகமான, முரட்டு ராக் இசை) குழு வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஊட்டியில் ஒரு சிறிய கூடத்தை வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் வாசித்தோம். எட்டுப் பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் கிட்டார் ஆசிரியர். முடிந்ததும் அவர் எங்களிடம் வந்து, "இதில் சங்கீதமே இல்லை, வெறும் கத்தல்தான் இருக்கிறது. முதலில் இசைத் தேர்வின் எட்டு கிரேடையும் முடித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எங்களில் யாருக்கும் தூக்கமில்லை. பங்க் இசைக்குத் திறமை தேவையில்லை, ஆவேசம் போதும் என்பதுதான் எங்கள் கட்சி. செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழுவின் சிட் விஷியஸுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கவே தெரியாது. ஆனால் பங்க் என்றாலே அவர் முகம்தானே நினைவுக்கு வருகிறது? அதிகமாகப் பயிற்சி செய்தால் அந்தச் சூடு போய்விடும் என்று ஒத்திகையைக்கூடக் குறைத்துக்கொண்டோம். பங்க் இசையில் பெரியது எது, ஆவேசமா, இசைத் திறமையா? தமிழில் பங்க் பாட முடியுமா? இந்த மலையூரில் இதைக் கேட்க ஆள் வருமா? தப்பு (பறை) இசையைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அதுவும் ஒரு வகையில் பங்க்தான், அதே காட்டுத்தனமான எனர்ஜிதான் என்று எனக்குத் தோன்றியது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் நான் கோத்தகிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு சாவுக்குப் போய் வந்திருந்தேன். அங்கே தப்படித்த நான்கு இளைஞர்களும் தோலுக்குப் பதிலாக ஃபைபர் போட்டு, சுற்றிலும் போல்ட்டு வைத்து முடுக்கிய புதுவகைத் தப்புகளை வைத்திருந்தார்கள். காலை பத்து மணிக்குத் தொடங்கிய அடி, மாலையில் பாடை சுடுகாட்டுக்குப் போய்ச் சேரும்வரை ஒருமுறைகூட நெருப்புக்குப் போகவில்லை. தூறலும் மூடுபனியும் அந்தத் தப்புகளை ஒன்றும் செய்யவில்லை. வீடு திரும்பியதிலிருந்து, தோல் இறுகுவதற்காகத் தப்பைத் தீயில் காய்ச்ச அடியை நிறுத்தும் அந்த நேரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது, அது இல்லாமல் போனால் கூடவே போவது எது என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனையின் நடுவில் வந்து விழுந்தது உங்கள் கடிதம். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். தமிழில் பங்க் பாட முடியுமா என்பதெல்லாம் ஒரு கேள்வியே இல்லை. தமிழில் கோபப்பட முடிகிறவர்களால் தமிழில் பாடவும் முடியும், போய்ப் பாடுங்கள். ஆள் வருமா என்ற கவலையையும் விடுங்கள். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தபோது கூடத்தில் இருந்தவர்கள் சில டஜன் பேர்தான். அவர்களில் பீட்டர் ஹுக் என்ற இளைஞர் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். அவரும் அன்று அங்கே இருந்த அவருடைய நண்பர் பெர்னார்ட் சம்னரும் சேர்ந்து தொடங்கியதுதான் பிறகு ஜாய் டிவிஷன் என்ற குழுவாயிற்று. உங்கள் எட்டுப் பேரில் யார் மறுநாள் எந்தக் கடை வாசலில் போய் நின்றார் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. கிட்டார் ஆசிரியரைப் பொறுத்தவரை, எட்டு கிரேடு முடித்தவர்கள் வாசிக்க வேண்டிய இசை வேறு, நீங்கள் வாசிப்பது வேறு என்பது அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் அரை மணி நேரம் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்டு, மனத்தில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொன்னாரே, அதற்காக அவரை மதியுங்கள்.

இனி சிட் விஷியஸ். இந்த இடத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, தம்பி. நீங்கள் சாட்சிக்கு அழைத்திருக்கும் ஆள் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். அதை நீங்கள் விசாரித்துக்கூடப் பார்க்கவில்லை. செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் மெட்டுகளில் பெரும்பங்கு வகித்த பேஸ் கலைஞர் கிளென் மேட்லாக் 1977-இன் தொடக்கத்தில் விலகிய பிறகுதான் சிட் உள்ளே வந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஆல்பத்தில் பேஸ் பகுதிகளில் பெரும்பாலானவற்றை வாசித்தவர் சிட் அல்லர், கிட்டார் கலைஞரான ஸ்டீவ் ஜோன்ஸ். அதோடு அவர் தம் கிட்டாரையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கடுக்காகப் பதிவு செய்தார். அருகில் இருந்து அதை ஒழுங்கு செய்த கிறிஸ் தாமஸ், ராக்ஸி மியூசிக் போன்ற குழுக்களோடு வேலை செய்து காது பழகிய தயாரிப்பாளர். கேட்ட கணத்தில் சுவர்போல வந்து மோதுகிறதே என்று நீங்கள் சிலிர்த்திருப்பீர்கள். அந்தச் சுவர் நூல் பிடித்து, ஒவ்வொரு கல்லாக வைத்துக் கட்டப்பட்டது. சிட் விஷியஸின் முகம் நம் நினைவில் நிற்பதற்குக் காரணம் புகைப்படக் கருவிதான். 1979 பிப்ரவரியில், 21 வயதில், போதைமருந்தால் செத்துப்போன ஒரு பையன் அவர். என் மகன் வயதுகூட நிரம்பாமல் போனவர் என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. அந்தப் பையனுக்குக் கைவராமல் போனதை ஒரு கொள்கையாக்கிக் கொடியில் ஏற்றாதீர்கள்.

பங்க் இசையின் கை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் ராமோன்ஸ் குழுவிடம் போங்கள். எங்கள் குடும்பம் இலங்கையின் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கிய அதே 1974-இல் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் தொடங்கிய குழு அது. 1976-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தில் 14 பாட்டுகள். மொத்தம் அரை மணி நேரத்துக்கும் குறைவு. பதிவுச் செலவு சுமார் 6,400 டாலர். அதில் கிட்டார் வாசித்த ஜானி, கட்டட வேலை பார்த்தவர். அவருடைய வலக்கையைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். வேகம் கூடும்போது கிட்டார் வாசிப்பவர்கள் பிக் என்ற மீட்டுவில்லையைக் கீழும் மேலுமாக மாற்றி மாற்றி மீட்டுவது வழக்கம், ஏனென்றால் அப்படிச் செய்தால் பாதி உழைப்பில் அதே வேகம் கிடைத்துவிடும். ஜானி அநேகமாக எப்போதும் கீழ்நோக்கி மட்டுமே மீட்டினார். அதாவது, கீழே இறங்கிய கை தந்தியைத் தொடாமல் மேலே வந்து, மறுபடியும் கீழேயே இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 180 தட்டு ஓடுகிற ஒரு பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுக்கு இரண்டு மீட்டு என்றால் நிமிடத்துக்கு 360, விநாடிக்கு ஆறு. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மூச்சுவிட இடம் கொடுக்காமல் இருபது நிமிடம் வாசித்தால், அந்த மணிக்கட்டு 7,200 முறை இறங்கியாக வேண்டும். 7,200 முறையும் ஒரே எடையோடு இறங்க வேண்டும். மேல்மீட்டில் தந்தி மெலிந்து பேசும், கீழ்மீட்டில் தடித்துப் பேசும். இரண்டும் கலந்தால் பாட்டு ஓடும்; கீழ்மீட்டு மட்டும் என்றால் பாட்டு இடிக்கும். அந்த இடியைத்தான் நீங்கள் ஆவேசம் என்று சொல்கிறீர்கள். இடக்கைக்கும் ஓய்வில்லை. ஆறு தந்திகளையும் ஆட்காட்டி விரலால் குறுக்கே அமுக்கிப் பிடிக்கும் முழுக் கார்டுகளை (சுரக்கூட்டுகளை) அவர் கிட்டாரின் கழுத்தில் மேலும் கீழும் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

இன்று இரவு கதவைச் சாத்திக்கொண்டு மூன்றே நிமிடம் இதைச் செய்து பாருங்கள். இரண்டாவது நிமிடத்தில் முன்கை எரியத் தொடங்கும். மூன்றாவது நிமிடத்தில் வேகம் தளரும், அல்லது தளர்ந்துவிடுமோ என்ற பயத்தில் கை முந்தும். அந்த இடத்தில் எதை வைத்துக் காலத்தைக் காப்பாற்றுவீர்கள்? கோபத்தை வைத்துக் காப்பாற்ற முடியாது, தம்பி, ஏனென்றால் நான்கு பேருக்குக் கோபம் ஒரே நொடியில் வராது, ஒரே அளவிலும் வராது. ஒருவனுடைய கோபம் மற்றவனைவிட அரைத் தட்டு முந்திய கணமே கேட்பவர்களுக்கு அது கூச்சலாகிவிடும். ஊட்டியில் உங்களுக்கு நடந்தது அதுதானோ என்று சந்தேகப்படுகிறேன். நான் அங்கே இல்லை. ஆனால் ஒத்திகையைக் குறைத்துக்கொண்டதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ராமோன்ஸ் 1996-இல் கலையும்வரை 2,263 நிகழ்ச்சிகள் வாசித்தார்கள். அந்த எண்ணை உங்கள் ஒத்திகை அறையில் எழுதி வையுங்கள்.

அவர்களுடைய டிரம்ஸ் கதையையும் சொல்லியாக வேண்டும். முதலில் டிரம்ஸில் இருந்த ஜோயி பாடப் போனதும், அந்த இடத்துக்கு ஆள் தேடினார்கள். வாசித்துக் காட்ட வந்தவர்களுக்கு வித்தையெல்லாம் தெரிந்திருந்தது. நேராக, ஒரே சீராக, நடுவில் எந்தச் சிங்காரமும் செய்யாமல் வாசிப்பதுதான் வரவில்லை. எப்படி வாசிக்க வேண்டும் என்று அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த டாமி, அதுவரை நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் தாமே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கைதேர்ந்தவர்களால் செய்ய முடியாத ஒன்றைச் செய்தவரைத் திறமையற்றவர் என்று எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரியில் 500 பவுண்டு கடன் வாங்கித் தாங்களே 1,000 பிரதிகள் போட்டு வெளியிட்ட சிறு இசைத்தட்டில் ஒரு கிட்டார் தனி வாசிப்பு வருகிறது. அதில் இருப்பவை இரண்டே சுரங்கள், திரும்பத் திரும்ப. சலிப்பைப் பற்றிய பாட்டுக்கு அந்த இரண்டு சுரங்களே போதும் என்று முடிவு செய்ய ஒரு காது வேண்டும். வாஷிங்டனின் பேட் பிரெயின்ஸ் குழுவினர் ஜாஸ் கலந்த இசையில் கை பழகிய பிறகு பங்க்குக்கு வந்தவர்கள். அந்தப் பயிற்சி அவர்களுடைய சூட்டைத் தணித்துவிட்டது என்று அவர்களைக் கேட்ட எவரும் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் மறைக்க விரும்பவில்லை. தி ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழு 1977-இல் மேடை ஏறியபோது அவர்களுக்கு வாசிக்க அவ்வளவாகத் தெரியாது. தி கிளாஷ் குழுவின் பால் சிமனன், எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று தெரிவதற்காகத் தம் பேஸ் கிட்டாரின் கழுத்தில் சுரப் பெயர்களை எழுதி வைத்திருந்தார். அதில் அவர் வெட்கப்படவில்லை. பங்க் உலகத்துக்குக் கொடுத்த பெரிய கொடை இதுதான் என்று நினைக்கிறேன்: தெரியாத நிலையிலேயே மேடை ஏறி, எல்லோர் கண் முன்னாலும் கற்றுக்கொள்ளலாம் என்ற துணிவு. ஸ்லிட்ஸ் குழுவின் ஆல்பம் 1979-இல் வந்தபோது, அந்தப் பெண்கள் ஜமைக்காவின் ரெகே தாளத்தை அவ்வளவு நுட்பமாகக் கையாண்டிருந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அவர்கள் கற்றுக்கொண்டார்கள். நீங்களோ கற்றுக்கொள்ளாமல் இருப்பதைக் கட்சியாக்கி வைத்திருக்கிறீர்கள்.

இனி உங்கள் கடைசி வரி. தப்பும் "அதே காட்டுத்தனமான எனர்ஜிதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்போடுதான் எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் அதைப் படித்த இடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மறுபடி திறந்தேன்.

நான் வளர்ந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) கடைசி வீட்டில் ஒரு தாத்தா இருந்தார். இலங்கைத் தோட்டத்தில் விடியுமுன் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) எழுப்புகிற வேலை பார்த்தவர். இங்கே வந்த பிறகு, சாவுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் மாசி மாதத்துக் காமன் கூத்துக்கும் அடித்தார். எனக்கும் அடிக்க வேண்டும் என்று ஆசை. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று எல்லோரையும் போல அவரும் சொன்னார். அதில் எனக்கு இன்றுவரை வருத்தம் உண்டு. ஆனால் காய்ச்சுகிற வேலையை எனக்குக் கொடுத்தார். அப்போது எனக்குப் பதினோரு வயது.

சமவெளியில் வைக்கோலைக் கொளுத்திக் காய்ச்சுவார்கள். மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பொறுக்கிக் காயவைத்த மிலாறும் (தேயிலைச் சுள்ளியும்), காய்ந்த பெரணியும், பழைய செய்தித்தாளும்தான். மிலாறு நின்று எரிந்தால் தோல் கருகிவிடும் என்பதால், அதை அடியில் வைத்து, பெரணியைக் கைப்பிடி கைப்பிடியாக மேலே போட்டு, குபுகுபுவென்று எழும்பி அடங்குகிற தீயை உண்டாக்க வேண்டும். தப்பைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு, தோல் தீயைப் பார்க்கும்படி சாய்த்து, அரிசி புடைக்கிற முறம்போல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நீலகிரியின் பனியில் தோல் ஈரத்தைக் குடித்துக் குடித்துத் தொய்ந்துவிடும்; அந்த நிலையில் நகத்தால் தட்டினால் ஈரச் சுவரில் தட்டியதுபோல "தொப்" என்று கேட்கும். சூடு ஏற ஏற அந்தத் "தொப்" மெல்ல மெல்ல மேலே ஏறிவரும். ஒரு கட்டத்தில் "கிண்" என்று சொல்லும். அந்தக் "கிண்" வந்த உடனே எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று ஆசைப்பட்டால் விளிம்பில் கிழியும். நான் ஒரு தப்பைக் கிழித்திருக்கிறேன். தாத்தா திட்டவில்லை. அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

ஒரு சாவில் நாலைந்து முறையாவது இப்படி நிறுத்திக் காய்ச்சுவோம். அடி நின்ற அந்தப் பத்து நிமிடத்தில்தான் உள்ளே இருக்கும் பெண்களின் ஒப்பாரி சொல் சொல்லாக வெளியே கேட்கும். செத்தவர் யார், யாருக்கு என்ன செய்தார், எந்த மகனோடு பேச்சில்லாமல் போனார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். தீயைச் சுற்றிக் குந்தியிருக்கும் தப்புக்காரர்கள் பீடியைக்கூடப் பற்றவைக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்டுவிட்டு எழுந்து அடிக்கிற அடி வேறாக இருக்கும். அன்றைய சாவில் ஃபைபர் தப்பு நிற்காமல் முழங்கியபோது எனக்குக் குறையாகப்பட்டது இதுதான் என்று இதை எழுதும்போது தெளிவாகிறது. அந்த இளைஞர்களை நான் குறை சொல்லவில்லை. இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சியும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியுமாக, ஆறு மணி நேரம் அவர்கள் கை தளராமல் நின்றது. அன்றைக்கு அந்த வீட்டுப் பெண்கள் என்ன சொல்லி அழுதார்கள் என்பதுதான் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

தாத்தாவின் தம்பி இறந்தபோது அடிக்க ஆள் போதவில்லை. துக்க வீட்டுக்காரர் அடிப்பது வழக்கமில்லை என்றாலும் அவரே வரிசையில் நின்றார். வாசலுக்கு ஓர் அடி, பாடை தூக்க ஓர் அடி, முச்சந்திக்கு ஓர் அடி என்று எல்லாம் முறைப்படி நடந்தது. அவர் கண்ணிலிருந்து இறங்கிய நீர் தாடியில் வழிந்துகொண்டிருந்தது. அவர் கை மட்டும் மாறவில்லை. ஒரு அடி கூடுதலாக விழவில்லை, ஒரு அடி முந்தி விழவில்லை. மாறாத அந்தக் கையின் மேல் நின்றுதான் எங்கள் லயம் முழுவதும் அன்று தலைவிரித்து ஆடியது, அழுதது. ஆவேசம் ஊருக்கு வந்தது. அது வந்து இறங்க இடம் கொடுத்தது அவர் கை.

எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது ஊட்டியில் ஒரு கலை விழாவுக்கு அவரையும் இன்னும் மூவரையும் அழைத்தார்கள். காய்ச்சுகிறவளாக நானும் போனேன். முதலில் வீணைக் கச்சேரி, அடுத்து தப்பு. முடிந்ததும் நிகழ்ச்சியை நடத்தியவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, "என்ன எனர்ஜி பார்த்தீர்களா! படிப்பில்லை, பயிற்சியில்லை, எல்லாம் இரத்தத்திலேயே வருகிறது" என்றார். கூட்டம் கைதட்டியது. வீணை வாசித்தவருக்குச் சால்வை போட்டார்கள். எங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். கடைசி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். தொட்டபெட்டா வளைவில் பனி கண்ணாடியை மூடியிருந்தது. மடியில் தப்பை வைத்துக்கொண்டு தாத்தா கேட்டார்: "எனர்ஜின்னா என்ன புள்ள?" சக்தி என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கையப் பத்தி ஒண்ணும் சொல்லலையா?" என்றார்.

அந்தக் கேள்வியோடுதான் நான் இத்தனை ஆண்டுகளாக இருக்கிறேன், தம்பி. ஒரு சாதியின் கையில் இருக்கும் வித்தையை வித்தை என்று ஒப்புக்கொண்டால், அதற்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும், சால்வை போட வேண்டும், பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், பிள்ளைகளை அனுப்பிக் கற்றுக்கொள்ளச் சொல்ல வேண்டும். எனர்ஜி என்று சொல்லிவிட்டால் கைதட்டோடு முடிந்துவிடுகிறது. இரத்தத்தில் வருவதற்கு யாரும் சம்பளம் கொடுப்பதில்லை அல்லவா? இதே மலையில் ஏழு ஊர்களில் வாழும் கோத்தர் பழங்குடியினரிடம் தெய்வத்துக்கு உரிய மெட்டுகள் வேறு, சாவுக்கு உரிய மெட்டுகள் வேறு என்று தனித்தனியாகப் பேணப்படுகின்றன. அந்த வேறுபாடு காதில் விழாதவர்தான் மலைவாசி இசையில் என்ன உயிர்த்துடிப்பு என்று வியந்துவிட்டுப் பஸ் ஏறுகிறார். அந்த வியப்பில் அன்பு இருக்கலாம், மரியாதை இல்லை.

அந்த விழா முடிந்து ஆறேழு ஆண்டுகள் கழித்து, கோயம்புத்தூர் விடுதியில் என் அறைத்தோழி வைத்திருந்த ஒரு கேசட்டில்தான் முதன்முதலாக ராமோன்ஸைக் கேட்டேன். ஆங்கிலம் பாதி புரியவில்லை. ஆனால் அந்த வலக்கையைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது கை தளராமல் நின்ற ஆள் என்று. அவர்களையும் பச்சையான எனர்ஜி, மூன்று கார்டு தெரிந்தவர்களின் ஆவேசம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. கட்டட வேலை பார்த்த ஆளின் மணிக்கட்டிலும் வித்தை இருக்கும் என்பது பலருக்குத் தோன்றவே இல்லை. தப்பும் பங்க்கும் ஒன்றா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் ஒரே சொல்லால் தட்டிக்கழித்தார்கள் என்ற வகையில் ஒன்றுதான். அந்தச் சொல்லை நீங்களே எடுத்து உங்கள் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பயிற்சி செய்தால் சூடு போய்விடும் என்ற உங்கள் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. யாரோ ஒருவரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகவே வாசித்து வாசித்துக் கை இறுகிப்போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அந்த ஆசிரியருக்குப் பிடிக்கும்படி வாசிக்க நீங்கள் பயிற்சி செய்ய வேண்டாம். உங்கள் நான்கு பேரின் கையும் ஒன்றாக விழுவதற்குப் பயிற்சி செய்யுங்கள். ஒரே பாட்டை எடுத்துக்கொண்டு, பாடுபவரை வாயை மூடச் சொல்லிவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பாதி வேகத்தில் நாற்பது முறை வாசியுங்கள். பாதி வேகத்தில் வாசிக்கும்போதுதான் யார் முந்துகிறார் என்பது தெரியும். அவரைத் திட்டாதீர்கள், மறுபடி தொடங்குங்கள்.

இன்னொன்று. குன்னூரிலிருந்து பனியில் கிட்டாரைச் சுமந்துகொண்டு ஊட்டிக்குப் போய், உறையிலிருந்து எடுத்த கையோடு மேடை ஏறியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த முறை ஒரு மணி நேரம் முன்பே போய், கிட்டாரை வெளியே எடுத்துக் கூடத்தில் வையுங்கள். தந்தி அந்த இடத்துக்குப் பழகிய பிறகு சுருதி சேருங்கள். ஆள் சேர்ந்து சூடு ஏறியதும் தந்தி தளர்ந்து சுருதி மறுபடியும் இறங்கும். மூன்றாவது பாட்டு முடிந்ததும் அது உங்கள் காதுக்கே தெரியும். ஆவேசம் கலைந்துவிடும் என்று பயந்து அப்படியே தொடராதீர்கள். நிறுத்துங்கள். மைக்கில் எதுவும் பேசாமல், அவசரப்படாமல், எல்லோர் முன்னாலும் ஆறு தந்திகளையும் சேர்த்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள். வந்தவர்கள் காத்திருப்பார்கள்.

தேதி முடிவானதும் எழுதுங்கள். நானும் வர வேண்டும்.

அன்புடன்,
அக்கா